ஊதுபத்தி சொன்ன ஜன்னல்

இந்திராணி அக்கா சொன்ன இந்தக் கதையில் ஒரு வாக்கியத்தை மட்டும் பல வருடங்களாக நான் நம்பவில்லை. அவர் கணவர் கோதண்டபாணி அப்படிக் கத்தியிருப்பாரா? நான் கத்தியிருப்பேனா?

"அம்மா, வீட்டுச் சூடெல்லாம் ஜன்னல் வழியா ஓடிப்போகுது. எந்த மாதிரி ஜன்னல் மாத்திப் போடட்டும்?"

கோத்தகிரியில், வீட்டுக்கு மேலே சரிவில் இருந்த குடிலில், கோதண்டபாணி இப்படித்தான் கேட்டாராம். அவருடைய குரு நித்யா அம்மை, வயதில் அவருக்கு இளையவர்.

"தியானத்தைப் பத்திக் கேக்க வந்தீங்கன்னு நினைச்சேன்."

"பல்லு தந்தியடிக்குது. தியானம் எங்கேர்ந்து வரும்?"

அம்மை சிரித்தார். ஓர் ஊதுபத்தியை நீட்டினார்.

"ஜன்னலோரம் கொளுத்திப் பிடிங்க. எங்கே புகை ஆடலையோ, அதுதான் ஜன்னல்."

புது ஜன்னல் போட்ட வீடுகளெல்லாம் ஏறி இறங்கினார் கோதண்டபாணி, ஊதுபத்தியும் கையுமாக.

"என்ன சார், வீட்டுக்கு வீடு பூஜையா?" என்றார்கள் ஊரார்.

கடைசியில் ரப்பர் விளிம்பு வைத்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களை மாட்டினார்.

ஆடி மழை. பிற்பகல். குடிலுக்கு ஓடினார்.

"அம்மா! புகை கோடு போட்ட மாதிரி நிக்குது! கரி பாதிகூடச் செலவாகலை!"

"கரியா?"

"கணப்புச் சட்டிக்கு. இந்திராணி கட்டில் பக்கத்துலயே வச்சுக்குவா."

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

அம்மையின் முகம் வெளுத்தது.

"இப்போ எங்கே அவங்க?"

"தாழ்ப்பாள் போட்டுத் தூங்கறா. கதவிடுக்குல நானே துணி அடைச்சிட்டு வந்தேன்."

அம்மை ஓடினார். செருப்பில்லாமல், தேயிலைச் சரிவில். பின்னால் கோதண்டபாணி, குடையோடு, ஒன்றும் புரியாமல்.

அம்மை கதவை இடித்தார். பதில் இல்லை. சுற்றிப் போய், பாத்தியோரக் கல் ஒன்றைப் பெயர்த்து ஓங்கினார்.

"ஐயோ அம்மா, கண்ணாடி! இரட்டைக் கண்ணாடி!" என்று கத்தினாராம் கோதண்டபாணி.

முதல் அடியில் ஒன்றுதான் உடைந்தது.

மறுபடியும் அடித்தார்.

சட்டியில் கரி அழகாகச் சிவந்திருந்தது. துளிப் புகையில்லை. அக்கா தரையில் கிடந்தார், கதவை நோக்கிக் கை நீட்டியபடி.

இருவருமாக மழையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மார்பு ஏறி இறங்கியது.

"பூட்டின அறையில கங்கு விஷம்" என்றார் அம்மை. "இத்தனை வருஷம் இவங்களைக் காப்பாத்தினது அந்த ஓட்டை ஜன்னல். அதை அடைக்கச் சொன்னது நான்."

அன்றோடு அவர் யாருக்கும் எந்த யோசனையும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

கோதண்டபாணி போய்ச் சேர்ந்தபின் ஒருநாள் அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"நினைவில்லாமக் கிடந்தீங்களே அக்கா. அவர் கத்தினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கை கால்தான் வரலை, தம்பி. காது கேட்டுது."

வெளியே பெய்துகொண்டிருந்த மழை விட்டிருந்தது. நான் அதோடு எழுந்து போயிருக்கலாம்.

"அதைக் கேட்ட பிறகும், அக்கா, மூச்சை இழுக்க எப்படி மனசு வந்தது?"