செலவாகாத டோக்கன்

சனிக்கிழமை காலை பத்து மணி. கைபேசியில் பதினேழு டோக்கன்கள். ஆள் பெயர் ரத்தினகிரி.

வயது ஐம்பத்தாறு. திருச்சி உறையூரில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறவர். கற்க வந்தவர் கிளட்சை மிதிக்க மறந்தால் இவர் போடும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அன்று அவர் தில்லைநகரில் ஒரு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். கற்றுக்கொடுக்க அல்ல, கற்றுக்கொள்ள.

"டீச்சர், கெடச்சிருச்சு! உங்க டோக்கன் கெடச்சிருச்சு!"

உள்ளே சன்னல் பக்கம் நின்றிருந்த பெண் திரும்பவில்லை.

அவள் பெயர் நிலோபர். இருபத்தெட்டு வயது. சைகை மொழி ஆசிரியை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

ரத்தினகிரி அவள் முன்னால் போய் நின்று, தன் கைபேசியை உயர்த்திக் காட்டினார். கோயிலில் தீபாராதனை காட்டுவது போல ஒரு சுற்றும் சுற்றினார்.

அவள் சிரித்தாள். தன் கைபேசியை அவரிடம் நீட்டினாள். அதில் பேசினால் எழுத்தாகிவிடும்.

அவர் அதை மைக் மாதிரி பிடித்துக்கொண்டார்.

'கைமாற்று' என்று ஒரு செயலி அந்த வருடம் ஊரில் பரவியிருந்தது. அதில் பணத்துக்கு வேலை இல்லை. யாரும் தன் பெயரில் டோக்கன் வெளியிடலாம். ஒரு டோக்கன் என்றால் அந்த ஆளின் ஒரு மணி நேரம். அது இன்று யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அந்த வேலையைச் செய்து கொடுக்க வேண்டும். செய்தாயிற்று என்று வேலையைச் செய்தவர் அழுத்தினால் டோக்கன் மறைந்துவிடும்.

விதி அது. வழக்கம் வேறாக இருந்தது. ஊர்க்காரர்கள் டோக்கனைச் செலவழிக்கவில்லை, சேர்த்தார்கள். நல்ல பெயராகப் பார்த்து மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள்.

ரத்தினகிரியிடம் கிதார் இருந்தது. ஓமியோபதி இருந்தது. முடிவெட்டு இருந்தது. "எங்கிட்ட யோகா இருக்குய்யா" என்று அவர் சொல்லும்போது தொப்பையைத் தடவமாட்டார், கைபேசியைத்தான் தட்டுவார்.

நிலோபரின் டோக்கன் மட்டும் அவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது.

மகள் சுகன்யா ஒருவனை விரும்பினாள். பெயர் பிரசன்னா. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறவன். அவனுக்கும் காது கேட்காது. ரத்தினகிரி மறுப்புச் சொல்லவில்லை. நவம்பர் பத்தாம் தேதி நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருந்தது.

பிரசன்னா இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். ரத்தினகிரி கேட்டார், சுகன்யா அதைக் கையால் சொன்னாள். அவன் கையால் சொன்னான், சுகன்யா வாயால் சொன்னாள். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவன் போன பிறகு சுகன்யா சொன்னாள்: "ரெண்டு தடவையும் நீங்க என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்கப்பா."

"பேசுனது நீதானேம்மா."

"பேசுனது அவரு. நிச்சயத்தன்னிக்கு நான் நடுவுல நிக்கமாட்டேன். நீங்களாச்சு, அவராச்சு."

"திடீர்னு இப்படிச் சொன்னா எப்படிம்மா?"

"எனக்கும் கை வலிக்காதா?" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

இதையெல்லாம் ரத்தினகிரி நிலோபரின் கைபேசிக்குள் ஒரே மூச்சில் கொட்டினார். கைபேசி பாதியைத்தான் பிடித்தது. அவள் அந்தப் பாதியைப் படித்தாள்.

பிறகு எழுதிக் காட்டினாள்: "அவரிடம் என்ன பேச வேண்டும்?"

"சம்பளம் கேக்கணும். சொந்த வீடா வாடகையான்னு கேக்கணும். எம் பொண்ண நல்லா வச்சிருப்பியான்னு கேக்கணும். எல்லாத்தையும் கையாலயே கேக்கணும் டீச்சர்! அசந்துரணும் அவரு!"

அவள் கற்றுக்கொடுத்தாள்.

ரத்தினகிரிக்குக் கை நன்றாகப் படிந்தது. வருடக்கணக்கில் கியர் போட்ட கை. வீடு, வேலை, மகள், கல்யாணம் என்று ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டார். கையால் செய்யும்போதே வாயாலும் உரக்கச் சொன்னார். கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மணி முடிந்தது.

"எடுத்துக்கங்க டீச்சர், உங்க டோக்கன!"

நிலோபர் செயலியைத் திறந்தாள். 'முடிந்தது' என்ற இடத்தை அழுத்தவில்லை. பக்கத்தில் 'திருப்பு' என்று இருந்ததை அழுத்தினாள். டோக்கன் அவரிடமே திரும்பி வந்தது.

"ஏன் டீச்சர்?"

அவள் எழுதினாள்: "இன்னும் செலவாகவில்லை."

ரத்தினகிரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கீழே இறங்குவதற்குள் மகளை அழைத்துவிட்டார். "ஒரே டோக்கன்ல ரெண்டு கிளாஸும்மா! அப்பனுக்கு யோகத்தப் பாத்தியா!"

இரண்டாவது வகுப்பும் அப்படியே போனது. டோக்கன் திரும்பி வந்தது. இந்த முறை அவர் வழியில் அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாவது வகுப்பில் அவர் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். மாப்பிள்ளைக்கு வணக்கம் சொல்வதில் தொடங்கி, மகளை வளர்த்த கதை வழியாக, சொந்த வீட்டுக் கேள்வி வரை ஒரு பிசகில்லாமல் கையால் சொல்லி முடித்தார்.

நிலோபர் கவனமாகப் பார்த்தாள். பிறகு அவள் கைகள் அசைந்தன. கொஞ்சம் நீளமாகவே சொன்னாள்.

ரத்தினகிரி அப்போது தன் விரல்களை மடக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 'வாடகை'யில் கட்டைவிரல் சரியாக நின்றதா என்று அவருக்குச் சந்தேகம்.

அவள் கை ஓய்ந்ததும் நிமிர்ந்தார். "என்னமோ சொன்னீங்களே டீச்சர், எழுதிக் காட்டுங்க."

அவள் எழுதவில்லை. 'திருப்பு' என்பதை அழுத்தினாள்.

அன்று அவர் அல்வா வாங்கவில்லை.

தீபாவளி வந்து போனது. மறு ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி மாடி ஏறினார். அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். வீட்டில் மகள் தட்டுவரிசை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எனக்கு டோக்கன் வேணாம். வித்த வேணும்" என்றார். குரல் உடைந்தது. கைபேசி அதை அப்படியே எழுதிக் காட்டியது, உடைந்ததை மட்டும் விட்டுவிட்டு. "நான் எங்க தப்புப் பண்றேன்? அதச் சொல்லுங்க. அந்தப் பிள்ள முன்னாடி நான் பொம்ம மாதிரி உக்காந்திருந்தா எம் பொண்ணு என்னைய மன்னிக்கமாட்டா."

நிலோபர் தன் கைபேசியைத் திரும்ப வாங்கினாள்.

பிறகு எழுதினாள்: "உங்கள் டோக்கன் ஒன்று கொடுங்கள்."

"ஒண்ணு என்ன, அஞ்சு தரேன்!"

"ஒன்று."

அனுப்பினார். அடுத்த நொடி அவர் கைபேசி ஒரு புது ஓசை எழுப்பியது. அதற்கு முன் அவர் அதைக் கேட்டதே இல்லை. ரத்தினகிரியின் டோக்கனை ஒருவர் இப்போதே பயன்படுத்த விரும்புகிறார் என்று திரையில் வந்தது.

"இப்பவேயா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நான் கத்துக்க வந்தேன். கத்துக்குடுக்க இல்ல. அதோட காது கேக்காதவங்களுக்கு லைசென்ஸு…"

அவள் தன் எல்.எல்.ஆர். காகிதத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். போட்டோ, முத்திரை எல்லாம் இருந்தன.

கல்லணை ரோட்டில் காவிரிக்கரை ஓரமாக வண்டியை நிறுத்தினார் ரத்தினகிரி. பயிற்சி வண்டி. அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

அவள் சாவியைத் திருப்பினாள்.

"கிளட்ச்சு! கிளட்ச்ச மெதுவா… கிளட்ச்ச்ச்சு!"

வண்டி குலுங்கி நின்றது.

நிலோபர் திரும்பி, உள்ளங்கைகளை விரித்தாள். என்ன?

அவர் கைபேசியை எடுத்தார். அவள் அதை வாங்கி, முன்பக்கப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"வண்டியில போனத் தொடாதன்னு ஊருக்கே சொல்றவன் நான்" என்று அவர் முணுமுணுத்தார். கேட்பதற்கு ஆள் இல்லை.

காவிரியைப் பார்த்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

இடது உள்ளங்கை கிளட்ச். வலது உள்ளங்கை ஆக்ஸிலரேட்டர். இடது மெதுவாக மேலே வந்தது, வலது மெதுவாகக் கீழே போனது.

அவள் பார்த்தாள். கை அசைந்த நேரம் முழுக்க அவள் கண் அதைவிட்டு நகரவில்லை. அவரிடம் கற்ற எவரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

அவள் அதையே திருப்பிச் செய்து காட்டினாள். இடது கையைச் சற்று வேகமாகத் தூக்கினாள்.

அவர் குனிந்து கூர்ந்து பார்த்தார். இல்லை என்று தலையசைத்தார். அவள் மறுபடி செய்தாள். மறுபடி. அதில் ஒரு கேள்வி இருந்தது: கால் நடுங்கினால் என்ன செய்வது? அவர் கையால் பதில் சொன்னார்.

வண்டி நகர்ந்தது.

இப்போது இன்னொரு சிக்கல். ஓட்டுகிறவள் சாலையைப் பார்க்க வேண்டும், அவரைப் பார்க்க முடியாது. ரத்தினகிரி தன் கையைக் கண்ணாடி ஓரம், அவள் பார்வையின் விளிம்பில் வைத்தார். விரல் முன்னால் சாய்ந்தால் போ. கை தாழ்ந்தால் மெது. சன்னல் பக்கம் திரும்பினால் ஒதுங்கு.

அவள் போனாள், குறைத்தாள், ஒதுங்கினாள்.

அவர் வாய் நிறைய 'சபாஷ்' இருந்தது. அதைக் கட்டைவிரலில் காட்டினார்.

மேட்டைத் தாண்டியதும், வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று தோப்புப் பாதையிலிருந்து திடீரென்று ரோட்டுக்கு ஏறியது.

ரத்தினகிரியின் உள்ளங்கை விரிந்து நின்றது.

வண்டி நின்றது. டிராக்டருக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. ரத்தினகிரி காலடியில் பார்த்தார். தன் பக்கத்துப் பிரேக்கை அவர் தொட்டிருக்கவில்லை.

டிராக்டர்காரர் இறங்கி வந்து ஏதேதோ திட்டினார். நிலோபருக்குக் கேட்கவில்லை. ரத்தினகிரி அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவர் நிலோபரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பிறகு அவள் கைகள் பேசின. நீங்கள். வாய். திறந்தபடி. கண் இவ்வளவு பெரிசு.

நானா? என்றார் அவர் கையால். உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அவள் மேலும் சொன்னாள். இப்போது சிரிப்பு இல்லை. அப்பா என்பது அவருக்குப் புரிந்தது. சின்ன வயது என்பது புரிந்தது. சைக்கிள் என்பதும் வேண்டாம் என்பதும் புரிந்தன. நடுவில் ஒன்று தவறிப்போனது.

அவர் கையை நீட்டி அவளை நிறுத்தினார். மெதுவாக. திரும்ப.

அவள் திரும்பச் சொன்னாள். பின்னால் ஹாரன் அடித்தால் உனக்குக் கேட்காது, செத்துப்போவாய் என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகு அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

ரத்தினகிரி சுட்டுவிரலை ரோட்டை நோக்கிக் காட்டினார்.

அவள் சாவியைத் திருப்பினாள்.

கல்லணை வரை ஓட்டிப் போனார்கள். திரும்பி வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஒரு மணி நேரம் எப்போதோ கடந்திருந்தது.

அவளை வாசலில் இறக்கிவிட்டுப் பெட்டியிலிருந்து கைபேசியை எடுத்தபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. செயலியைத் திறந்தார். கிதார் இருந்தது. ஓமியோபதி இருந்தது. மேலும் கீழும் தள்ளித் தேடினார்.

நிலோபர் இல்லை. அவள் 'முடிந்தது' என்பதை அழுத்தியிருந்தாள்.

"டீச்சர்!" என்று கத்தினார். அவள் முதுகு படியேறிக்கொண்டிருந்தது.

வண்டிக் கதவைச் சாத்தாமலேயே ஓடினார். அவளைத் தாண்டி மேலே ஏறி, எதிரே நின்று, மூச்சு வாங்க இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, உறையூரில் நிச்சயதார்த்தம் நடந்தது. கடைசிப் பந்தியில் ரத்தினகிரியும் பிரசன்னாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கைகளுக்கு ஓய்வில்லாமல் இருவர் இலையிலும் சாதம் ஆறிப்போனது. சுகன்யா முந்தின பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டாள்.