எட்டு எப்படி ஏழானது

“இந்தப் பேப்பர்ல இருந்து விலகிக்கறேன், மேடம்.”

ஏட்டு மாசிலாமணி விண்ணப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். வயது நாற்பத்தைந்து. பகலில் காவல் நிலையம், மாலையில் கல்லூரி. எதிரே உட்கார்ந்திருந்த புள்ளியியல் ஆசிரியை நஸ்ரினுக்கு இருபத்தெட்டு.

“இது கட்டாயப் பாடம் சார். இது இல்லாம டிகிரி கிடைக்காது.”

“அடுத்த வருஷம் எழுதிக்கறேன்.”

“அப்போ எஸ்.ஐ. தேர்வு?”

டிகிரி இருந்தால்தான் அந்தத் தேர்வை எழுத முடியும். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். மாசிலாமணியின் இருபது வருட ஆசை அது. விடுவதில் வருத்தம் இருந்தது. அவமானப் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“ரெண்டு டெஸ்ட்லயும் ஃபெயில் மேடம். பரீட்சையிலயும் போச்சுன்னா ஸ்டேஷன்ல தலை காட்ட முடியாது. விலகிட்டா, டியூட்டி அதிகம்னு சொல்லிக்கலாம்.”

“படிச்சீங்களா?”

ஏட்டுக்குச் சுருக்கென்றது.

“நோட்டு முழுக்க மனப்பாடம் மேடம். எந்தக் கணக்கு வேணும்னாலும் கேளுங்க.”

நஸ்ரின் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார்.

“பந்துக் கணக்கு. பையில மூணு சிவப்பு, அஞ்சு நீலம். பார்க்காம அடுத்தடுத்து ரெண்டு பந்து எடுக்கறோம். ரெண்டும் சிவப்பா இருக்க எவ்வளவு வாய்ப்பு?”

நின்றபடியே குனிந்து எழுதினார். பேனா எங்கும் தயங்கவில்லை. விடையும் சரி.

நஸ்ரின் இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

“மேல எட்டு பந்துன்னு எழுதியிருக்கீங்க. இங்க எட்டு எப்படி ஏழாச்சு?”

“நோட்ல ஏழுன்னுதான் மேடம் இருக்கு.”

“ஏன் ஏழு?”

“வேணும்னா முதல்ல இருந்து இன்னொரு தடவை எழுதிக் காட்டறேன்.”

காட்டினார். அதே வரிகள், அதே இடைவெளி, விடைக்குக் கீழே அதே இரட்டைக்கோடு.

நஸ்ரின் விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

“சார், எனக்கு ஒரு சந்தேகம். ஒரு சாட்சி எத்தனை தடவை கேட்டாலும், வார்த்தை பிசகாம ஒரே மாதிரி சொல்றான். அவனைப் பத்தி என்ன நினைப்பீங்க?”

மாசிலாமணி முதல் முறையாகச் சிரித்தார். கேள்வி இப்போதுதான் அவர் ஊருக்குள் வந்திருக்கிறது.

“அவன் சம்பவ இடத்துலயே இருந்திருக்க மாட்டான் மேடம். யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க.”

“எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“நடுவுல இருந்து கேட்போம். அந்த நேரத்துல நீ எங்க நின்னே, யார் கையில என்ன இருந்துச்சுன்னு. அப்ப பாருங்க, திருதிருன்னு முழி…”

பார்வை மேசைமேல் இருந்த தாளுக்குப் போனது.

தாளைக் கையில் எடுத்தார். இரண்டாவது வரியை வெகுநேரம் பார்த்தார்.

“ஒண்ணை ஏற்கெனவே எடுத்தாச்சு,” என்றார். “அது வெளியே, கையில இருக்கு. பையில மிச்சம் ஏழுதான்.”

நஸ்ரின் விண்ணப்பத்தை நீட்டினார்.

“கையெழுத்துப் போட்டுட்டேன் சார். இன்னைக்குத்தான் கடைசி நாள். ஆபீஸ் மூடறதுக்குள்ள கொடுத்துடுங்க.”

மாசிலாமணி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கையை நீட்டவில்லை.

“கொஞ்சம் இருங்க மேடம். பதினாலாம் பக்கத்துல ஒருத்தன் ரொம்ப நாளா தண்ணி காட்டறான். முதல்ல அவனை விசாரிச்சுடறேன்.”