பாசிக்குள் ஓடிய சக்கரம்

சிறுமலை அடிவாரத்துத் தியானக் கூடத்தில் ஒரு வழக்கம். அங்கே தங்கி மூன்று வருஷம் முடித்தவர், குறித்த நாளில் நண்பகலுக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொந்தமாக ஒரு சொல் சொல்ல வேண்டும். எங்கோ காதில் வாங்கியதை எடுத்துவிட்டால், கூட்டத்தில் யாராவது “கேட்டது” என்பார்கள். அன்றைக்கே மூன்று தரம் அப்படி விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டியதுதான்.

அன்று இருளப்பன் முறை. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். பஸ் ஏறினால் இறங்குவதற்கு ஓர் ஊர் வேண்டுமே! மகன் வீட்டுக் கதவு அவருக்குச் சாத்தி நாலு வருஷம் ஆகிறது.

விடிந்ததிலிருந்து மண்டையைக் கிண்டிப் பார்த்தார். வந்ததெல்லாம் ஊரார் சரக்கு. ஒன்று நாக்பூர் தாபாக்காரர் சொன்னது. ஒன்று கர்னூலில் பஞ்சர் ஒட்டும் அம்மா சொன்னது. மூன்றாவது பிரமாதமாக இருக்கிறதே என்று துள்ளினார். அது ஒரு டேங்கர் லாரியின் முதுகில் எழுதியிருந்தது.

சமையல்கட்டிலிருந்து தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள்.

“என்ன டிரைவரே, லோடு ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சு. அத்தனையும் அடுத்தவன் சரக்கு.”

“அப்ப செக்போஸ்ட்ல மாட்டுவீரு!”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே தொட்டியடிக்குப் போனார்.

தையல்நாயகி தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கூடத்துக்குக் குரு அவர்தான். இருளப்பனைவிடப் பதினொரு வயது இளையவர். ஒரு காலத்தில் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர்.

“தாயி, வெளியில இருந்து வந்தது என்னைக்காவது நம்மளோடதா ஆகுமா? ஆகாதுன்னா இப்பவே சொல்லிடு. பதினோரு மணி பஸ் இருக்கு.”

தையல்நாயகி கையைத் துடைத்துக்கொண்டார். மதில் சுவரில் கருகிக் கிடந்த பாசியை நகத்தால் ஒரு சிட்டிகை சுரண்டி, கண்ணாடித் தட்டில் போட்டு, மேலே நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார்.

“டீ குடிச்சிட்டு வாங்கண்ணே.”

“டீயா? எனக்கு உசிரு போகுது.”

“இதுக்கு வரணும்ல. ரெண்டு டீயாவே குடிங்க.”

இரண்டு டீ குடித்து வந்தார். தையல்நாயகி தட்டிலிருந்து ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, நகர்ந்து இடம் கொடுத்தார். இருளப்பன் ஒற்றைக் கண்ணை இடுக்கிக் குனிந்தார். மண். குப்பை. பிறகு அந்தக் குப்பையிலிருந்து ஒன்று புழுப்போல நீண்டு நிமிர்ந்தது. தலையை விரித்தது.

“தாயி! ரெண்டு வீலு! ஓடுது தாயி!”

“சக்கரம் இல்லண்ணே, பொடி மயிரு. வரிசையா அசையுறது சுத்துற மாதிரி தெரியுது.”

“அட, ஓடுதா இல்லையா! ஏ தங்கபுஷ்பம், இங்க ஓடியா! சுவத்துல வண்டி ஓடுது!”

அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். பார்த்தாள். “ஆத்தாடி” என்றவள், அடுப்பில் குழம்பு இருப்பதையே மறந்துபோனாள்.

“கண்ணுக்குத் தெரியாத பொடி உசிரு இது. சித்திரையில இருந்து காஞ்சு கிடந்துச்சு” என்றார் தையல்நாயகி. “இதோட பிழைப்புக்கான குறிப்பெல்லாம் உள்ள ஒரு இழையில இருக்கு. டி.என்.ஏ.ம்பாங்க. காயும்போது அந்த இழை துண்டுதுண்டா அறுந்துபோகும். தண்ணி பட்டதும் உக்காந்து ஒட்டும்.”

“பஞ்சர் மாதிரி.”

“அப்ப பக்கத்துல செத்த பாக்டீரியா கிடக்கும், பூஞ்சை கிடக்கும். அதுங்களோட இழையில துணுக்கு ஒண்ணு எப்பவாவது உள்ள வந்து, இதோட இழையிலயே சேந்துக்கும்.”

“எந்த எடத்துல சேரும்?”

“அறுந்த எடத்துல.”

இருளப்பன் தலையைத் தூக்கினார். உடனே மறுபடி குனிந்துகொண்டார்.

“அப்படி எவ்வளவு வந்திருக்கும்?”

“தலைமுறை தலைமுறையா வந்து சேந்ததுல, வீணாப் போனது போக நிக்கிறது நூத்துல பத்து.”

“பத்தா! களவுச் சரக்கு தாயி! சும்மா கிடக்குதா, வேலை செய்யுதா?”

“பூஞ்சை வந்து இதைத் தின்னும். அந்த நோய் வந்தா, பாக்டீரியாகிட்ட இருந்து வந்த குறிப்பை எடுத்து மருந்து காய்ச்சுதுன்னு சொல்றாங்க.”

“யாரு காய்ச்சுறா? பாக்டீரியாவா, இந்தப் பயலா?”

“அந்த பாக்டீரியா செத்து எத்தனையோ லட்சம் வருஷம் ஆச்சுண்ணே. அப்புறம், இது பயலில்ல. இதுல அத்தனையும் பொம்பளை.”

தங்கபுஷ்பம் குலுங்கிச் சிரித்தாள். குழம்பு தீய்ந்த வாடை வந்ததும் அலறிக்கொண்டு ஓடினாள். இருளப்பன் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. பதினோரு மணி பஸ் ஹாரன் அடித்துப் போனது அவர் காதில் விழவேயில்லை.

நண்பகலில் கூட்டம் கூடியது. இருளப்பன் எழுந்து நின்றார்.

“காத்து இறங்கின டயரைத் திட்டாதே. ஆணியைத் தேடு.”

“கேட்டது” என்றார் முன்வரிசையில் இருந்த வேலாயுதம். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிழை கண்டால் விடமாட்டார்.

“கேட்டதுதான் ஐயா. கர்னூல்ல, பஞ்சர் கடை அம்மா சொன்னது.”

கூட்டம் சிரித்தது. சமையல்கட்டு வாசலில் தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள்.

இருளப்பன் உட்காரவில்லை.

“எம்மவன் எங்கூடப் பேசி நாலு வருஷமாச்சு. ஊரு ஊரா, டீக்கடை டீக்கடையா அவனைத் திட்டினேன். திட்டித் திட்டித் தொண்டை காஞ்சு போச்சு. இன்னைக்குக் காலையில அந்தம்மா சொன்னதை எடுத்துக்கிட்டு ஆணியைத் தேடினேன்.”

நிறுத்தினார். கை தானாகச் சட்டையின் நெஞ்சுப் பக்கம் போனது.

“என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு.”

வேலாயுதம் குருவின் பக்கம் திரும்பினார். குரலில் பழைய வேகம் இல்லை.

“அம்மா, நீங்களே சொல்லுங்க. இது கர்னூல்காரம்மா சொல்லா, இவர் சொல்லா?”

தையல்நாயகி கேட்டார்:

“இன்னைக்கு அந்த ஆணி யாரைக் குத்துச்சு, ஐயா?”