இரண்டு குடம் சாம்பார்

எங்கள் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. இந்தக் கதையில் வருகிற சீடருக்கு அறுபத்தொன்று. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

குருவின் பெயர் தெய்வானை. பல்லடம் பக்கம் ஒரு சின்ன மலையடியில் அன்னதானக் கூடம் நடத்துகிறார். ஞாயிறுதோறும் முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். பிரசங்கம் கிடையாது. ஏதாவது சந்தேகம் கேட்டால் பெரும்பாலும் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்.

சீடர் ராக்கியண்ணன். பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஆறடி உயரம். நாங்கள் எல்லாரும் குருவை அம்மா என்போம், அவர் மட்டும் அம்மணி என்பார். எட்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் வந்து கூடமாட வேலை செய்கிறார். சர்க்கரை இருப்பதால் இங்கே சாப்பிட மாட்டார். வீட்டிலிருந்து கேரியர் வரும், அது காரில் இருக்கும்.

நான் சமையல்காரன் மாரப்பன். நாலே முக்கால் அடி. ஊருக்குள் வந்து அரைப்படி என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராக்கியண்ணன் முகமே சரியில்லை. நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், குரு பக்கத்தில் பருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். ராக்கியண்ணன் வந்து நின்று சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"என்னங்கய்யா இது?" என்றார் குரு.

"ராஜினாமாங்க அம்மணி. எங்க கம்பெனிப் பழனாத்தா எழுதிக் கொடுத்தது. பதினாறு வருஷமா எங்ககிட்ட மிசின் தைக்கறா."

"வேலையை விடறாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. எப்பவும்போல வருவா. பேரை மட்டும் எடுத்துடச் சொல்றா."

"புரியலீங்களே."

ராக்கியண்ணன் மளமளவென்று கொட்டித் தீர்த்தார். "சம்பளத்துல பிடிக்கறாங்கல்லங்க, பி.எஃப்., இ.எஸ்.ஐ.ன்னு. இந்த வருஷம் அது ஏறிப்போச்சு. அவ பங்கும் ஏறுது, எம்பங்கும் ஏறுது. அவ பொண்ணு நர்சிங் படிக்குது. கைக்கு வர்றது பத்தலை. 'நான் வேலையை விட்டுட்டதா எழுதிக்கங்க, பிடிக்காம முழுசாக் கையில கொடுத்துருங்க'ன்னு அவளே வந்து நிக்கறா. அவ பேரை எடுத்தா எனக்கும் எம்பங்கு மிச்சம். நாளைக்குக் காத்தால எடுத்தேன்னா, நாளான்னிக்கே இன்னும் பத்துப் பேரு இதே மாதிரி தாளோட வருவாங்க. நான் யாரையும் கட்டாயப்படுத்தலை அம்மணி. அவளுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். இதுல பாவம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

குரு பருப்புத் தண்ணீரை வடித்தார்.

"பிடிக்கறது எதுக்குங்க?"

"வயசானா பென்சன். கையில ஊசி ஏறிடுச்சுன்னா ஆஸ்பத்திரி."

"உங்க பங்கு ஏறுச்சுன்னீங்களே, அதை எப்படிங்க சமாளிச்சீங்க?"

ராக்கியண்ணன் காதைச் சொறிந்தார். "தீவாளிக்கு வருஷா வருஷம் கூலி ஏத்துவோம். இந்த வருஷம் இல்லேன்னு நோட்டீஸ் ஒட்டிட்டேன்."

"பழனாத்தா எப்ப வந்து கேட்டாங்க?"

"அதுக்கு மறுநாளுங்க."

குரு மறுபடியும் பருப்பில் தண்ணீர் ஊற்றி அலசினார். ராக்கியண்ணனுக்கே பொறுக்கவில்லை.

"நான் எங்க போவேன் அம்மணி? ஆர்டர் கொடுக்கறவன் ஒரு பனியனுக்குப் பத்துப் பைசா ஏத்த மாட்டேங்கறான். வாயைத் திறந்தா வேற கம்பெனிக்குப் போயிருவான். இப்படியே போச்சுன்னா ரெண்டு பேரை நிறுத்தணும், இல்லாட்டிக் கம்பெனியைப் பூட்டணும்."

குரல் உடைந்துவிட்டது. அவர் நடிக்கிற ஆள் இல்லை. முன்னொரு தடவை கம்பெனி படுத்தபோது காரை விற்றுச் சம்பளம் போட்ட மனிதர். இப்போது ஓட்டுவது மச்சினன் கொடுத்த பழைய வண்டி.

குரு தாளை மடித்து அவரிடமே கொடுத்தார். என் பக்கம் திரும்பினார்.

"மாரப்பண்ணா, இன்னிக்குச் சாம்பார் ரெண்டு குடம் கூட வைங்க. கூட்டம் அதிகமா வரும். ஐயா, நீங்க இவரோட அண்டா தூக்குங்க."

"இதுதான் பதிலுங்களா?"

"இது சாம்பாருங்க."

எங்கள் அடுப்படி கீழே இருக்கிறது, சாப்பாட்டுக் கூடம் மேலே. நடுவில் முப்பத்தொரு படி. அண்டாவின் இரண்டு வளையத்திலும் கயிறு கோத்து, மூங்கில் கழியில் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுத்துத் தூக்குவோம்.

ராக்கியண்ணன் முன்னால் போனார், நான் பின்னால். நாலு படி ஏறினோம். கயிறு கழியில் சறுக்கி என் பக்கம் வந்தது. இன்னும் நாலு படியில் இன்னும் கொஞ்சம் வந்தது. பத்தாவது படியில் அண்டா என் நெஞ்சில் உரசிக்கொண்டிருந்தது. சூடு வேறு. எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

முன்னாலிருந்து கம்பீரமாக ஒரு குரல் வந்தது. "ஏனுங்க மாரப்பா, ரெண்டு குடம் சேத்தும் பாரமே தெரியலையே!"

எனக்கு வந்த கோபத்தைக் குரு பக்கத்திலேயே ஏறி வந்துகொண்டிருந்ததால் விழுங்கினேன்.

"இறக்குங்க சாமி, உசுரு போகுது!"

இறக்கினோம். ராக்கியண்ணன் திரும்பிப் பார்த்தார். கயிறு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். என் பனியனில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க பின்னால வாங்க" என்றார் குரு.

மாறிக்கொண்டோம். கீழ்ப்படியில் ஆறடி, மேல்படியில் அரைப்படி. கழி மட்டமாக நின்றது, கயிறும் நடுவிலேயே நின்றது. மூன்று படி ஏறுவதற்குள் பின்னால் மூச்சு இரைத்தது.

"அட சாமி! இவ்வளவு பாரமாவா இருந்துச்சு?"

"அதே அண்டாதானுங்க" என்றேன். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

ஆனால் பாரம் பாரம்தான். பாதிப் பாதியாகப் பிரிந்த பிறகும் இரண்டு பேருக்கும் தாங்கவில்லை. பதினெட்டாவது படியில் மறுபடியும் இறக்கினோம். அவருக்கு வயது, எனக்கு ஏற்கெனவே தோள் போயிருந்தது. அப்போது நான்தான் வாயைத் திறந்தேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

"அம்மா, அந்த ரெண்டு குடத்தையும் எடுத்துறலாங்க. ரெண்டு பேருக்கும் லேசா இருக்கும்."

ராக்கியண்ணன் முகத்தில் விளக்கு எரிந்தது. "பாத்தீங்களா அம்மணி! அவரே சொல்றாரு. நான் சொல்லலை!"

"நீங்களும் சரிங்கறீங்களா?"

"தாராளமா எடுத்துறலாங்க."

"ரெண்டு பேருக்கும் சம்மதம்னா எடுத்துருங்க. வாசல்ல பழனி போற வேன்காரங்க நிக்கறாங்க. சோறு இருக்குது, குழம்பு இல்லேன்னு கேட்டாங்க. அவங்களுக்குக் கொடுத்துருங்க."

எடுத்துக் கொடுத்தோம். வேன்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மிச்சப் படிகளை அரட்டை அடித்துக்கொண்டே ஏறினோம். ராக்கியண்ணன் என் மகன் வேலை விஷயம்கூட விசாரித்தார். இப்படி ஒரு நல்ல மனிதரோடு தினமும் அண்டா தூக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சமைத்தவர், சுமந்தவர், பரிமாறியவர் எல்லாரும் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். ஒரே குழம்பு, ஒரு மோர், அவ்வளவுதான் சாப்பாடு. அன்றைக்குக் குரு சொன்னபடியே கூட்டம் எக்கச்சக்கம். நாலாவது பந்தி நடக்கும்போதே அண்டாவின் அடியில் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. மோர்ப்பானையை அதற்கு முன்னாலேயே கவிழ்த்துவிட்டார்கள்.

கடைசிப் பந்தி போட்டார்கள். உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது. வாளியோடு வந்தவர் வாளியைச் சாய்த்துக் காட்டினார்.

"அரைப்படி, தீந்துபோச்சுப்பா."

காலையிலிருந்து அடுப்பில் நின்றவன் நான். அந்தச் சாம்பாரைக் கூட்டி வைத்தவனும் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. உப்பைத் தொட்டுக்கொண்டு வெறுஞ்சோற்றை உருட்டினேன்.

ராக்கியண்ணன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தர்மசங்கடமாக இருந்திருக்கும்.

"எடுத்துறலாம்னு நீங்கதானே மாரப்பா சொன்னீங்க?" என்றார் மெதுவாக.

"நான்தானுங்க."

குரு தண்ணீர்ச் செம்போடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டம்ளரில் ஊற்றினார்.

"ஆமாங்கய்யா. அவர்தான் சொன்னாரு" என்றார்.

ராக்கியண்ணனுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "இருங்க, இருங்க. என் கேரியரை எடுத்துக்கங்க மாரப்பா. வாசல்லதான் கார் நிக்குது, இப்பவே கொண்டாறேன்" என்று சொல்லிக்கொண்டே படியை நோக்கி நடந்தார்.

"ஐயா" என்றார் குரு.

அவர் நின்றார். ஒரு கை சட்டைப் பையில் இருந்த தாளின் மேல் இருந்தது.

"பழனாத்தா கடைசிப் பந்தியில வந்து உக்காரும்போது உங்க கார் வாசல்ல நிக்குமாங்க?"