சடைச்சியின் முதுகு

மலைச்சரிவில் சோலைமந்திக் கூட்டம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு வழக்கம். பிறந்த குட்டிகள் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு திரியும். பலாப்பழம் வெடித்து வாசனை கிளம்பிய அன்று, எல்லாக் குட்டிகளும் தாயின் முதுகுக்கு ஏறிவிடும்.

சடைச்சி என்ற மந்தியின் மகன் சிண்டான் மற்றக் குட்டிகளுக்குப் பிந்திப் பிறந்தவன். கையும் காலும் சுள்ளிபோல இருந்தன. பலா வெடித்தது. சிண்டான் மட்டும் வயிற்றிலேயே இருந்தான்.

"ஏண்டி சடைச்சி, இன்னமுமா வயித்துல வச்சுக்கிட்டுத் திரியறே?" என்றாள் பக்கத்துக் கிளை வெடுக்கி. அவள் முதுகில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "பலா எப்பவோ வெடிச்சாச்சு!"

"இவன் மழையில பொறந்தவன் அக்கா. கொஞ்சம் போகட்டும்."

"கொஞ்சம் போனா அவனுக்குத் தாடி மொளைச்சிடும்! அப்பவும் வயித்துலதானா?"

மற்ற மந்திகள் சிரித்தன. வெடுக்கியின் மகள் கீழே குனிந்து, "வயித்துப் பாப்பா!" என்று பழிப்புக் காட்டினாள்.

சிண்டான் அன்று பால் குடிக்கவில்லை. "என்னையும் மேலே ஏத்தும்மா! இங்கேருந்து பாத்தா உன் வயிறுதான் தெரியுது!" என்று அழுதான்.

சடைச்சிக்கும் அலுப்புதான். வயிற்றுப் பாரத்தோடு அவள் மரமேறிச் சேர்வதற்குள் சுளைகள் தீர்ந்துவிடும். சக்கைதான் மிஞ்சும்.

மறுநாள் அவனை முதுகில் ஏற்றிப் பார்த்தாள். கிளையை உலுக்கினாள். பக்கத்து மரத்துக்குத் தாவினாள். சிண்டான் பிடியை விடவில்லை.

"பாத்தியா! நான் சொல்லலே?" என்றாள் வெடுக்கி.

அன்று மதியம் சிண்டான் சடைச்சியின் மடியில் தூங்கினான். தூக்கம் பிடித்ததும் அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. எப்போதும் அப்படித்தான். வயிற்றில் கிடக்கும்போது சடைச்சி ஒரு கையால் தாங்கிக்கொள்வாள். முதுகுக்கு அந்தக் கை எட்டாது.

அவள் அந்த விரல்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தானே அவற்றை மடக்கிவிட்டாள்.

பழம் தீர்ந்ததும் கூட்டம் அடுத்த மலைக்குக் கிளம்பியது. சிண்டான் தானாகவே முதுகில் ஏறிக்கொண்டான்.

"அம்மா, வானம் எவ்வளவு பெரிசு!"

"கெட்டியாப் பிடிச்சுக்கோடா."

"பிடிச்சிருக்கேன்! அதோ அருவி! அதோ கழுகு! எல்லாம் எனக்குத் தெரியுது!"

வெயில் ஏறியது. அவன் பேச்சு குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. வேடிக்கை பார்க்கிறான் என்று சடைச்சி நினைத்தாள்.

வழியில் ஓர் ஆழமான ஓடைப் பள்ளம் குறுக்கிட்டது. முன்னால் போனவர்கள் தாவி அக்கரை சேர்ந்திருந்தார்கள்.

"சீக்கிரம் வாடி!" என்று வெடுக்கி அங்கிருந்து கூப்பிட்டாள்.

சடைச்சி தாவினாள்.

அக்கரைக் கிளையைப் பிடித்தபோது முதுகு லேசாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். கீழே, பாறைகளுக்கு இடையில், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. வெடுக்கி தன் மகளை முதுகிலிருந்து இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அவ்வளவு நல்லாப் பிடிச்சானே!" என்றாள்.

"அப்போ முழிச்சிருந்தான்," என்றாள் சடைச்சி.

கூட்டம் நகர்ந்தது. சடைச்சி அந்தக் கிளையிலேயே இருந்தாள். அவளுடைய ஒரு கை வயிற்றின் குறுக்கே, எதையோ தாங்குவதுபோல, மடங்கியே இருந்தது.

ஒரு காரியத்துக்குப் பிள்ளை தயாராகிவிட்டதா என்பதை ஊர் வழக்கத்தையும் பிள்ளையின் ஆசையையும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. அது அயர்ந்து தூங்கும்போது பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.