முயல்கள் வெட்டிய எல்லை

கள்ளிக்காட்டில் கோடை. இருந்த ஒரே குளமும் பாதி வற்றிவிட்டது. நரிகளும் முயல்களும் அதில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

காட்டுச் சபைக்கு நான்கு வார்டு, நான்கு உறுப்பினர். மூன்று பேர் நரிகள். நான்காவது வார்டு முழுக்கக் குளக்கரையை ஒட்டிய முயல் மேடு. அதன் உறுப்பினர் குண்டுக்காதன் என்ற முயல். நால்வரும் சம்மதித்தால்தான் குளக்கரையில் வேட்டையாடலாம். அந்தச் சம்மதமும் அடுத்த அமாவாசைத் தேர்தல் வரைதான் செல்லும்.

ஒவ்வொரு தடவையும் நரிகள் கேட்கும். "முடியாது!" என்பான் குண்டுக்காதன். அந்த ஒரு சொல்லால்தான் முயல்கள் பிழைத்திருந்தன.

ஒருநாள் நரித் தலைவன் செம்பன் மேட்டுக்கு வந்தான்.

"அடடா! இத்தனை முயல்களுக்கு ஒரே உறுப்பினரா? எனக்கே மனசு கேட்கவில்லை! மேட்டை நான்காகப் பிரித்து நான்கு வார்டிலும் சேர்த்துவிடுவோம். நான்கு பேரும் உங்கள் வாசலில் வந்து ஓட்டுக் கேட்பார்கள்!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். முயல்களுக்கு அது உறைக்கவில்லை.

"எல்லை வாய்க்காலை நீங்களே வெட்டுங்கள். மண் தோண்டுவதில் உங்களை யார் மிஞ்ச முடியும்?" என்றான் செம்பன். "வாசல் எந்தப் பக்கமோ, ஓட்டும் அந்தப் பக்கம். அவ்வளவுதான் சட்டம்!"

தோண்டு என்று சொன்னால் முயலுக்குக் கால் நிற்குமா? மண் பறந்தது. மிளகி என்ற தாய் முயல் மட்டும் தோண்டாமல் நின்றாள். அவள் வளையில் கண் திறக்காத குட்டிகள் கிடந்தன.

"அண்ணே, கோடு நம்ம மேட்டு நடுவுல போகுதே! பயமா இருக்கு!"

"நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி! தோண்டும்மா!" என்றான் குண்டுக்காதன்.

தேர்தல் வந்தது. எந்த வார்டிலும் முயல்கள் கால்வாசிதான். நான்கிலும் நரிகளே வென்றன. அன்றைக்கே நால்வரும் தலையாட்டினார்கள். குளக்கரையில் வேட்டையாடலாம்!

முதலில் தண்ணீருக்குப் போனவன் குண்டுக்காதன்தான். "என் மேல் கை வைப்பார்களா?" என்று சொல்லிவிட்டுப் போனான். சேற்றில் கொஞ்சம் ரோமம் மட்டும் கிடந்தது.

அதற்குப் பிறகு யாரும் வெளியே வரவில்லை. வாசலுக்கு வாசல் நரி மூச்சுக் கேட்டது. முயல்கள் கோரைக்கிழங்கைக் கடித்து நாக்கை நனைத்துக்கொண்டன. மிளகிக்குப் பால் வற்றியது. குட்டிகள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. மிளகி யோசித்தாள்.

"கோடு மேலேதானே ஓடுது? அடியில நம்ம வளையெல்லாம் இன்னும் ஒண்ணாத்தானே இருக்கு!" என்றாள். "மூணு பக்கத்து வாசலையும் மண் போட்டு அடைங்க. எல்லாரும் நாலாவது பக்கம், அந்தப் பாலைமரத்துப் பக்கமே வாசல் திறங்க. சத்தம் மட்டும் வேண்டாம்!"

வெயிலுக்கு நரிகள் தூங்கும் உச்சிப்பொழுதுகளில் அடியில் மண் நகர்ந்தது. ஒருவர் தும்மினாலும் எல்லார் உயிரும் போகும். ஒருவரும் தும்மவில்லை.

அமாவாசை வந்தது. தேர்தல் நாளில் வேட்டை கிடையாது. முயல்கள் அத்தனையும் பாலைமரத்து வார்டில் போய் நின்றன.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்கள்!" என்று உறுமினான் செம்பன்.

"எங்க வாசல் இங்கதான். பாத்துக்கோ! வாசல் எந்தப் பக்கமோ ஓட்டும் அந்தப் பக்கம்னு நீதானே சொன்னே!" என்றாள் மிளகி.

செம்பன் மேடு முழுக்க ஓடிப் பார்த்தான். மூன்று பக்கமும் வெறும் மண். பாலைமரத்தடியில்தான் வாசல்கள். அந்த வார்டில் மிளகி வென்றாள்.

அன்றே நரிகள் கேட்டன: "குளக்கரையில் வேட்டையாடலாமா?"

மிளகி முன்னால் வந்து நின்றாள். "முடியாது!" என்றாள்.

பிறகு போய்த் தண்ணீர் குடித்தாள். குண்டுக்காதன் விழுந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. குடித்து முடிக்கும் வரை காதை மட்டும் அவள் மடக்கவில்லை.

எல்லை போடுகிறவன் இனிக்க இனிக்கப் பேசினால், கோடு யார் வீட்டுக்கு நடுவே போகிறது என்று முதலில் பார். பிரிந்து நின்றவர் குரல் சபை ஏறாது.