திமிங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை

அயர்லாந்தில், டப்ளின் நகரத்துக்குத் தெற்கே, நம்மூர் மாவட்டம் மாதிரி கடலோரமாக ஒரு கவுண்டி. அதன் அதிகாரி கினசெல்லாவுக்கு, கடலலைகூடத் தன்னிடம் மனுக் கொடுத்துவிட்டுத்தான் கரையேற வேண்டும் என்ற நினைப்பு. தூத்துக்குடிக்காரி ஜெசிந்தாவின் டீ வண்டியைக் கடற்கரைச் சாலையிலிருந்து விரட்டிவிட்டவரும் அவர்தான்.

அந்த வாரம் செத்த திமிங்கலம் ஒன்று மணலில் ஒதுங்கியது. நாற்றம் தாங்காமல், அதை அப்புறப்படுத்தச் சொல்லி ஊரே திரண்டு அவரிடம் போனது.

"அலை ஏறுற கோட்டோட எங்க கவுண்டி முடிஞ்சுது. அதுக்குக் கீழே கிடக்கிறது கடலோட பாடு" என்று கையை விரித்துவிட்டார்.

கூட்டத்தில் நின்ற ஜெசிந்தா அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். மறுநாள் தண்ணீர் உள்வாங்கியதும் வண்டியை மணலில் தள்ளிக்கொண்டு போய், திமிங்கலத்தின் வாலருகே அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் இஞ்சி டீ வாங்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

கினசெல்லா மூச்சிரைக்க ஓடிவந்தார். "யாரைக் கேட்டு இங்கே கடை போட்டே?"

"இது கடலோட இடம்தானே ஐயா?"

"எவன் சொன்னான்? இந்த மணல் மொத்தமும் எங்க கவுண்டியைச் சேர்ந்தது!"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ஐயா, தலைப்பக்கம் நிக்கிறவங்களுக்குக் கேக்கலை."

அவர் தொண்டை கிழியச் சொன்னார். தலைப்பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது.

ஜெசிந்தா அடுப்பை அணைத்தாள்.

"சரிங்க ஐயா. என் வண்டியை நான் எடுத்துக்கிட்டுப் போறேன். உங்க திமிங்கலத்தை நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க."